படிக்கும்போது பக்கத்தைத் தாண்டியிருக்கிறீர்களா?

பதிவு 1 | மடிப்புத்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மகள் சின்ன வயதில் படித்த படப் புத்தகங்களை மேல்தட்டிலிருந்து இறக்கி, தம்பிக்குக் கை எட்டும்படி கீழ்த்தட்டில் அடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். கிழிந்ததை ஒட்டுவதும் தூசி துடைப்பதுமாக வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குருவிக் கதைப் புத்தகத்தை எடுத்துத் தம்பிக்கான அடுக்கில் வைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"அம்மா, அந்தப் பக்கத்தை இவனுக்கும் தாண்டிடுவியா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

அந்தக் கதையில் தாய்க்குருவி மழையில் இரை தேடப் போகும். திரும்பி வராது. குஞ்சு மட்டும் கூட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் படம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்தது. அடுத்த பக்கத்தில் மற்றக் குருவிகள் வந்து குஞ்சுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும். நான் முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே தாளாகத் திருப்பிவிடுவேன். அம்மா இரை தேடப் போனது, மற்றவர்கள் பறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கதை தடங்கலில்லாமல் போய்விடும். அவளுக்கு 3 வயதிலிருந்து 5 வயது வரை எத்தனை இரவு அதைப் படித்திருப்பேன், கணக்கில்லை. அத்தனை இரவும் தாண்டினேன். அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

புத்தகத்தை எடுத்து இப்போது பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். மற்ற எல்லாத் தாள்களின் முனையும் தனித்தனியாகப் பஞ்சு மாதிரி நைந்து போயிருக்கிறது. அந்த இரண்டு தாள்களின் முனை மட்டும் ஒன்றாகச் சேர்ந்து, என் கட்டைவிரல் பட்ட இடத்தில் ஒரே மடிப்பாக வளைந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே, கூட்டில் இருக்கும் குஞ்சுக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு குருவி வரைந்திருந்தது. ஒரு வட்டம், ஒரு மூக்கு, இரண்டு கோடு கால்.

"இதை எப்போ வரஞ்சே?" என்றேன்.

"சின்னப் பிள்ளையா இருக்கும்போது. நீ லைட்டை அணைச்சிட்டுப் போனதுக்கப்புறம் எடுத்துப் பார்ப்பேன். அது தனியா இருந்துச்சு, அதான்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த புத்தகத்தை ஒட்டப் போய்விட்டாள். இப்போது அது கீழ்த்தட்டில் இருக்கிறது. மகன் எந்த இரவு வேண்டுமானாலும் கையில் தூக்கிக்கொண்டு வரலாம். நீங்கள் யாராவது இப்படித் தாண்டிப் படித்திருக்கிறீர்களா? உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததா? நான் இவனுக்கு என்ன செய்யட்டும்?

பதிவு 2 | வானவில்வீடு

நான் தாண்டுவது துக்கத்துக்காக இல்லை, அலுப்பில். வேலை முடிந்து வந்து படுக்கையில் சாய்ந்தால் கண் சொருகும். ஒரு பத்தியை விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். எங்கள் சின்னவனுக்கு இன்னும் எழுத்தே தெரியாது, ஆனால் விரலை வைத்து "இங்க ஒண்ணு விட்டுட்டீங்க அப்பா" என்பான். எந்தப் படம் வரும்போது எந்த வாக்கியம் வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். ஒரு சொல் மாறினால்கூடப் பிடித்துவிடுவான். இவர்களிடம் மறைப்பது கஷ்டம் சகோதரி. உங்கள் மகளுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

பதிவு 3 | அடுக்குநடுவே

குழந்தைகள் நூலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் பதிவைக் காலையிலிருந்து மூன்று முறை படித்துவிட்டேன். அந்தச் சேர்ந்து வளைந்த முனையை நானும் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும் புத்தகங்களை ஒட்டும்போது எந்த வீட்டில் எந்தப் பக்கம் தாண்டப்பட்டது என்று ஓரளவு தெரியும்.

படப் புத்தகம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் நீங்கள் தாண்டிய அந்த இரண்டு பக்கத்தின் எடை புரியும். பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும்போது 8, 16 என்ற மடங்குகளில் பக்கம் அமைவதால் வந்த கணக்கு அது. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 விரிப்புதான், அதாவது பக்கத்தைத் திருப்பியதும் இடமும் வலமும் சேர்ந்து விரிகிற படம். ஓவியர் ஒரு முழு விரிப்பை ஒரு குஞ்சு தனியாக இருப்பதற்கென்றே கொடுக்கிறார் என்றால், கதையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குகிறார் என்று அர்த்தம். பக்கம் திருப்புவதும் கதையில் ஒரு பகுதிதான். "என்ன ஆகும்?" என்று குழந்தை மூச்சைப் பிடிக்கிற இடம் அது. அந்த இடத்தில் நாம் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினால், பிடித்த மூச்சு அங்கேயே நிற்கும். உங்கள் மகள் விளக்கு அணைந்த பிறகு எழுந்து அந்தப் பக்கத்தைத் தேடியது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய புத்தகங்களை எடுத்தால் யாரும் இவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை. பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதை 1902-இல் வந்தது. 1893-இல் உடம்பு முடியாமல் கிடந்த ஒரு சிறுவனுக்கு அவர் எழுதிய படக்கடிதத்தில் பிறந்த கதை. அதில் தொடக்கத்திலேயே அம்மா முயல் பிள்ளைகளிடம், அந்தத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் அப்பாவை அங்கேதான் பிடித்துச் சமைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடும். அழுகையும் இல்லை, சுற்றி வளைப்பதும் இல்லை. அந்த ஒரு வரி இருப்பதால்தான் பீட்டர் தோட்டக் கதவுக்குக் கீழே நுழையும்போது குழந்தைக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதைத் தாண்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு குறும்புக்கார முயல் மட்டும்தான்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 3 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட, ஒரே கதையில் மீண்டும் மீண்டும் கேட்ட பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எண்ணற்ற இரவு அந்தக் குருவிக் கதையைப் படித்தீர்களே, அது வீணாகவில்லை.

மகனுக்குத் தாண்டாதீர்கள் என்பது என் எண்ணம்.

பதிவு 4 | தென்மேற்கு

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வதற்கு முன் நான் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு 4 வயதில் ஓநாய் வரும் கதை ஒன்றைப் படித்தேன். ஒரு வரியைக்கூட விடவில்லை, முழுசாகப் படித்தேன். இரண்டு வாரம் வீட்டில் யாரும் தூங்கவில்லை. நடு இரவில் அலறிக்கொண்டு எழுந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான், உடம்பெல்லாம் வேர்த்திருக்கும். அந்தப் புத்தகத்தை அவன் கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

வாழ்க்கையில் துக்கத்தைப் பார்க்க நேரம் வரும், வராமல் போகாது. அதை 4 வயதில், தூங்கப் போகிற நேரத்தில், நாமே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? பிள்ளையை நன்றாகத் தெரிந்த பெற்றோர் ஒரு பக்கத்தைத் தாண்டினால் அது பொய் ஆகாது. சாலையில் கையைப் பிடித்து ஓரமாக நடத்துகிற மாதிரிதான் அது. மடிப்புத்தாள், நீங்கள் செய்தது தப்பு என்று யாரும் உங்களை நினைக்கவைத்துவிட வேண்டாம்.

பதிவு 5 | இரண்டாவதாக வந்தவள்

இங்கே பதிவுகளை வாசிப்பேன், எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவரின் மகள் 5 வயதில் என் கைக்கு வந்தாள். சித்தி என்று கூப்பிடுவாள். அவளோடு எனக்கு முதலில் அமைந்த நேரம் இரவுக் கதை நேரம்தான், பகலில் என்னிடம் அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அலமாரியில், பேசும் கண்ணாடி வருமே, அந்த வெண்பனி இளவரசி கதை இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து நீட்டினாள். மாற்றாந்தாய் வருகிற இடமெல்லாம் நான் "ராணி" என்று மாற்றிப் படித்தேன். நாக்கு தடுமாறியது, வேர்த்தது. இரண்டாம் நாளும் அதையே கொண்டுவந்தாள், மூன்றாம் நாளும் அதேதான். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. வேண்டுமென்றே கொண்டுவருகிறாளோ என்றுகூட நினைத்தேன், 5 வயதுப் பிள்ளையைப் பற்றி.

பிறகு அந்தக் கதையைப் பற்றித் தேடிப் படித்தேன். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட முதல் பதிப்பில் அந்தப் பெண்ணைக் கொல்லச் சொல்வது மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாயேதான். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் தாயை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். காட்டில் தொலைந்த அண்ணன் தங்கை கதையிலும் முதல் பதிப்பில் இருந்தது பெற்ற அம்மாதான், பின்னால் வந்த பதிப்புகளில் அவளும் மாற்றாந்தாய் ஆனாள். அம்மா என்ற சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது போல. அவர்களும் ஒரு பக்கத்தைத் தாண்டித்தான் இருக்கிறார்கள். இருநூறு வருடமாக அதன் கனத்தை என் மாதிரிப் பெண்கள் தூக்குகிறோம்.

இது தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த முறை அவள் கொண்டுவந்தபோது உள்ளதை உள்ளபடி படித்தேன். "மாற்றாந்தாய்" என்ற சொல் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இது நீ மாதிரியா சித்தி?" என்றாள். ஆமாம், அப்பா மறுபடி கல்யாணம் செய்தால் வருகிறவளை அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆனா நம்ம வீட்ல கண்ணாடி பேசாது" என்றாள். பிறகு தலையணையை இழுத்து என் மடிப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

அவள் அத்தனை நாளும் அதைக் கேட்கத்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நேராகக் கேட்க அவளுக்கு வழி தெரியவில்லை. நான்தான் ஒவ்வொரு இரவும் அந்தச் சொல்லை மாற்றி மாற்றி அவள் வாயை அடைத்திருக்கிறேன்.

பதிவு 6 | வானவில்வீடு

இரண்டாவதாக வந்தவள், உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நன்றி. தயவுசெய்து இனிமேலும் எழுதுங்கள்.

பதிவு 7 | பேரப்பிள்ளைக்காரன்

தாண்டுவது இருக்கட்டும், நான் சொல்லையே மாற்றிக்கொண்டிருந்தவன். என் மகளுக்குப் படிக்கும்போது "சென்றான்" என்று அச்சில் இருந்தால் "போனான்" என்பேன். "கூறினாள்" என்றால் "சொன்னா". பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்ற எண்ணம்தான். எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் இவ்வளவு தள்ளி இருக்கிற மொழியில், படித்துக் காட்டுகிற ஒவ்வொருவரும் வாக்கியத்துக்கு வாக்கியம் மனதுக்குள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது பேத்திக்குப் படிக்கிறேன். கண் பார்வை மங்கிவிட்டது. பார்த்து, மாற்றி, சொல்வதற்குள் தடுமாறுகிறது. அதனால் அச்சில் உள்ளதை அப்படியே படிக்கத் தொடங்கினேன். அவளுக்குப் புரியாது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கரடியைக் கையில் எடுத்து, "கரடி வருத்தத்துடன் கூறியது, நான் இனி வர மாட்டேன்" என்றாள். அடுத்த நொடியே என் பக்கம் திரும்பி, "தாத்தா, கரடிக்கு மூக்கு பிஞ்சுடுச்சு" என்றாள். இரண்டு தமிழும் அவளிடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கதைக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தபோது அந்த மொழி அவளுக்கு அந்நியமாக இல்லை. என் மகள் அதே வயதில் எவ்வளவு திணறினாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. புரியாது என்று நான் எடுத்துவிட்ட சொற்களை அவள் பள்ளியில் தனியாக எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று. பெரியவர்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவது பிள்ளை அழும் என்பதற்காக மட்டும் இல்லை அம்மா. பாதி நேரம் நம் குரல் உடைந்துவிடும் என்ற பயம்தான். ஈ. பி. வைட் எழுதிய சிலந்தி, பன்றிக்குட்டிக் கதை 1952-இல் வந்தது. 1970-இல் அவரே அதை வாசித்துப் பதிவு செய்தார். சிலந்தி சாகிற இடத்தைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது என்று உடனிருந்தவர் சொல்லியிருக்கிறார். அவரே எழுதியது, பதினெட்டு வருடம் கழித்து அவராலேயே படிக்க முடியவில்லை. பிறகு நாம் எம்மாத்திரம்?

பதிவு 8 | மெதுவாகப்பேசு

குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. தென்மேற்கு சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் சொல்கிற இரண்டு வாரம் கற்பனை இல்லை. 3 முதல் 6 வயதில் இரவுப் பயம் மிகச் சாதாரணம். நினைப்பதற்கும் நடப்பதற்கும் இடையில் சுவர் இன்னும் எழும்பாத வயது அது. அந்தப் புத்தகத்தை நீங்கள் கொஞ்ச காலம் எடுத்து வைத்ததில் எந்தத் தவறும் இல்லை சார்.

சாவைப் பற்றிக் குழந்தைக்கு என்ன புரியும் என்று பலரும் கேட்கிறார்கள். போனவர் திரும்ப வரமாட்டார், உடம்பு வேலை செய்வது முழுசாக நின்றுபோகும், உயிருள்ள எல்லாவற்றுக்கும் அது வரும். இந்த மூன்றும் ஒன்றாகப் புரிய பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வயது ஆகும். 4 வயதில் "சரி, செத்துப்போச்சு, நாளைக்கு வருமா?" என்று கேட்பார்கள். அது கேட்க அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் வயதுக்குச் சரியான கேள்விதான். திட்டாமல், வராது என்று ஒரே வரியில் பதில் சொன்னால் போதும். மறுபடி கேட்பார்கள். மறுபடியும் அதே வரி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "தூங்கிட்டாங்க", "வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். தூங்கினால் திரும்பி எழ மாட்டோமோ என்று படுக்கையைக் கண்டாலே அழும் பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்பா வேலைக்குக் கிளம்பினாலே வாசலில் காலைப் பிடித்துக்கொண்டு விடாத பிள்ளையும் வந்திருக்கிறது. வெளியூர் போன பாட்டி வரவே இல்லையே, அந்தக் கணக்கு அதற்குச் சரியாகத்தான் இருந்தது.

புத்தகத்தில் துக்கம் வருவதற்கும் வாழ்க்கையில் வருவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புத்தகத்தை மூடலாம். அந்த மூடுகிற உரிமையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். அவனே திருப்பட்டும். வேண்டாம் என்று மூடினால் மூடட்டும், வலியுறுத்த வேண்டாம். நாம் சேர்த்துத் திருப்பினால் அந்த உரிமை நம்மிடம் இருக்கிறது, அதுவும் சொல்லாமல். படிக்கிற நேரத்தையும் பாருங்கள். புதிதாக ஒரு கனமான கதையை விளக்கை அணைப்பதற்கு முன்னால் தொடங்காதீர்கள். பகலில், பிறகு ஓடி விளையாட நேரம் இருக்கும்போது படியுங்கள். முடித்ததும் "என்ன புரிஞ்சுது? அந்தக் குருவி ஏன் அழுதுச்சு?" என்று பரீட்சை வைக்காதீர்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரும், சில சமயம் மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது வரும்.

மடிப்புத்தாள், கேட்கலாமா என்று தெரியவில்லை. வேறு புத்தகங்களில் இப்படித் தாண்டினீர்களா, இல்லை அந்த ஒன்றில் மட்டுமா?

பதிவு 9 | தென்மேற்கு

மெதுவாகப்பேசு, உங்கள் பதிவைப் படித்தபின் ஒன்று செய்தேன். என் மகனுக்கு இப்போது 7 வயது. ஒளித்து வைத்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நேற்று மாலை அவனிடம் கேட்டேன், இது ஞாபகம் இருக்கா, ஓநாய்க்கு ரொம்பப் பயந்தியே என்று.

"ஓநாய்க்கு இல்லப்பா" என்றான். புத்தகத்தைத் தானே எடுத்து, தேட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் நேராக ஒரு பக்கத்தைத் திறந்தான். ஓநாய் வருவதற்கு முந்தைய படம். வீடு மட்டும் இருக்கிறது. கதவு ஒரு கை அகலம் திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. "கதவைச் சாத்தாம போயிட்டாங்க. யாருமே பாக்கல" என்றான்.

மூன்று வருடம் ஓநாயை ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கதவை நான் கவனித்ததே இல்லை. அப்போது அவன் ஒவ்வொரு இரவும் அறைக் கதவைச் சாத்தச் சொல்லி அடம்பிடிப்பான், நாங்கள் காற்றுக்காகத் திறந்து வைப்போம். அதை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

4 வயதுக்கு எல்லாம் கொடுக்க வேண்டும் என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவனுக்கு எது பயம் என்று எனக்குத் தெரியும் என்று இங்கே எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பதிவு 10 | தொலைவிலிருந்து

நான் வீட்டைவிட்டு வெகு தூரத்தில் வேலை செய்கிறேன். மகள் தூங்கும் நேரத்தில் வீடியோவில் கதை படிப்பது எங்கள் வழக்கம். ஒரே புத்தகம் இரண்டு வாங்கினோம், அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அதனால் என்னால் எதையும் தாண்ட முடியாது, அவள் கையிலும் அதே பக்கம்தான் இருக்கிறது.

மாரிஸ் சென்டாக் 1963-இல் எழுதி வரைந்த காட்டு விலங்குகள் கதை எங்களிடம் இருக்கிறது. அதில் நடுவே மூன்று விரிப்புகளுக்கு எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். முதல் முறை அங்கே வந்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படிக்க ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லி நிரப்பினேன். "அப்பா, பேசாதீங்க, பாருங்க" என்றாள். அதிலிருந்து அந்த மூன்று இடத்திலும் இரண்டு பேரும் பேசாமல் அவரவர் புத்தகத்தைப் பார்ப்போம். திரையில் அவளுடைய நெற்றி மட்டும் தெரியும். அவள் தாள் திருப்புகிற சத்தம் கேட்டதும் நானும் திருப்புவேன். ஒரு நாளில் எனக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அதுதான்.

பதிவு 11 | மடிப்புத்தாள்

எல்லாப் பதிவையும் படித்தேன். பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

மெதுவாகப்பேசு கேட்டீர்கள். இல்லை. வேறு எந்தப் புத்தகத்திலும் தாண்டியதில்லை. பூதம் வரும், பாம்பு வரும், நான் குரலை மாற்றி மாற்றிப் படிப்பேன். அந்த ஒரு இடம்தான்.

மகளுக்கு 3 வயதாக இருந்தபோது என் அம்மா போய்விட்டார்கள். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். அந்தக் குருவிப் புத்தகம் அம்மா பேத்திக்கு வாங்கிக் கொடுத்தது. முதல் பக்கத்தில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது, நீல மையில், தேதியோடு. அதனால் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. அவளோ அதைத்தான் கொண்டுவருவாள். எல்லாம் முடிந்த மறுவாரம் அந்தப் பக்கத்தை முதன்முதலாகத் தாண்டினேன். பிள்ளை தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாத்தா பதிவில் எழுதியிருந்தாரே, பாதி நேரம் நம் குரலுக்குத்தான் பயம் என்று. அதைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நேற்று மகளிடம் உட்கார்ந்து பேசினேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை, பக்கத்தைத் தாண்டுகிறேன் என்று தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலைமுடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பக்கம் வரும்போது நீ என் கையைக் கெட்டியாப் பிடிச்சுப்ப. அதான் கேக்கல."

பதிவு 12 | பேரப்பிள்ளைக்காரன்

அம்மா, உங்கள் தாயார் கையெழுத்து இருக்கும் பக்கத்தையும் சேர்த்தே பிள்ளைகளுக்குப் படியுங்கள். தேதியோடு படியுங்கள். பெயரைச் சொல்லுங்கள்.

பதிவு 13 | அடுக்குநடுவே

மகனுக்குத் தாண்டாதீர்கள் என்று சட்டென்று எழுதிவிட்டேன். உங்கள் கதை தெரியாமல் எழுதினேன். நீங்கள் தயாராக இருக்கும்போது படியுங்கள். அதுவரை கணவரோ வேறு யாரோ படித்தாலும் சரிதான்.

பதிவு 14 | மடிப்புத்தாள்

சனிக்கிழமை காலை படித்தோம். பகலில்தான் படித்தோம், விளக்கு அணைக்கிற நேரத்தில் இல்லை. என் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அம்மாவின் பெயரைப் படித்தேன், தேதியைப் படித்தேன். மகன் அந்த நீல எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். இது ஆச்சி எழுதியது என்றேன். ஆச்சி எங்கே என்றான். செத்துப்போய்விட்டார்கள், நீ பிறப்பதற்கு முன்னாலேயே என்றேன். வருவாங்களா என்றான். வரமாட்டார்கள் என்றேன். சரி, அடுத்த பக்கம் என்றான்.

தாய்க்குருவி மழையில் போகிற பக்கம் வந்ததும் நான் தாளைத் தொடவில்லை. அவன்தான் திருப்பினான். முனை ஒட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு தாளும் சேர்ந்தே வந்தது. மகள் குனிந்து நகத்தால் பிரித்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் நான்கு வரிதான் இருக்கிறது. படித்தேன். மூன்றாவது வரியில் குரல் போய்விட்டது, நான்காவதை மகள் படித்தாள். மகன் என்னையும் பார்க்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. பென்சில் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு?"

"அது நான் போட்டது. துணைக்கு" என்றாள் மகள்.

"எனக்கும் பென்சில்."

கொடுத்தோம். வெகு நேரம் குப்புறப் படுத்து நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தான். இப்போது அந்தக் கூட்டில் மூன்று குருவிகள் இருக்கின்றன. அவன் வரைந்தது மற்ற இரண்டையும்விடப் பெரியது, ஐந்து கால். அதற்குப் பிறகு மீதிக் கதையைப் படிக்கச் சொன்னான், படித்தேன். புத்தகம் கீழ்த்தட்டில் அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.